ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு பிளேயர், இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு இன்னொன்று

அம்மா மாலையில் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடப்பார். நடக்கும்போது பாட்டு வேண்டும். ஃபோனில் போட்டுக் கொடுத்தால் மூன்றாவது பாட்டுக்குள் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். பேசி முடித்த பிறகு பாட்டை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு, ஃபோனை வைத்துக்கொள்ள இடமில்லாதது. புடவையில் பாக்கெட் கிடையாது. முக்கால் மணி நேரமும் ஒரு கையில் ஃபோனைப் பிடித்தபடியே நடந்துகொண்டிருந்தார்.

"பழைய டேப் ரெக்கார்டர்ல ஒரு பட்டன அமுக்கினா பாடும், இன்னொண்ண அமுக்கினா நிக்கும். அந்த மாதிரி சின்னதா ஒண்ணும் வரலையாப்பா?" என்று ஒரு நாள் கேட்டார்.

வந்திருக்கிறது, நிறையவே வந்திருக்கிறது. எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறேன். அந்த நேரத்தில் ஃபோனைத் தொடாமல் கச்சேரி கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சரி, ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிடலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். நாலு மாதம் தேடி, கையில் வாங்கிப் பார்த்து, இரவல் வாங்கிச் சோதித்து, கடைசியில் வாங்கியவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஏன் அப்படி ஆனது என்று எழுதி வைத்தால், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

பிளேயர் வாங்குவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒலித்தரத்தில் ஆரம்பிக்கிறார்கள். எந்த சிப், எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ். எனக்கு வேறு கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று படுகிறது: நீங்கள் ஒரு தடவை பிளே அமுக்கினால், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அந்தப் பெட்டியைத் தொடாமல் இருப்பீர்கள்? அம்மா கேட்பது சினிமாப் பாட்டு. நாலரை நிமிடம், ஐந்து நிமிடம். பிடித்தால் கேட்பார், இல்லையென்றால் அடுத்ததற்குத் தாண்டுவார், நடுவில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாராவது பேசினால் நிறுத்துவார். முக்கால் மணி நேரத்தில் இருபது தடவையாவது பட்டன் வேண்டும். நான் கேட்பது கச்சேரி. ஆரம்பித்துவிட்டால் எழும்பூர் வரும்வரை கை போகாது. இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

அளவு என்கிற கவலை

1998-இல் தென்கொரியாவிலிருந்து வந்த எம்பிமேன் என்ற பிளேயரில் 32 எம்பி நினைவகம் இருந்தது. 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி ஆகும். அதாவது அதில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான். ரெக்கார்டிங் சென்டரில் போய், வெள்ளைத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கேசட் வாங்கி வந்தவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு தெரியும். ஆறு பாட்டுதான் அடங்கும் என்றால் எந்த ஆறு என்று ஒரு நாள் முழுக்க யோசிப்போம். 2001 அக்டோபரில் ஐபாட் வந்தபோது 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. இன்று நகம் அளவுள்ள மெமரி கார்டில் அதைப் போலப் பல மடங்கு அடங்குகிறது.

ஆகவே எத்தனை ஜிபி என்று ரொம்பக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. உங்களிடம் இருப்பது என்ன என்று மட்டும் பாருங்கள். அம்மா கொடுத்த பட்டியலில் 212 பாட்டுகள் இருந்தன. பெரும்பாலும் வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்த 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகள். எல்லாம் சேர்த்து 1 ஜிபியைச் சற்றே தாண்டின. 320 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி. சிடியிலிருந்து, ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் எடுத்தால் நிமிடத்துக்கு 5, 6 எம்பி வரும். என் இரண்டு மணி நேரக் கச்சேரி ஒன்று 700 எம்பி வரை பிடிக்கிறது. 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினால் இப்படி 170, 180 கச்சேரிகள். ஒரு வருடத்து ரயில் பயணத்துக்குத் தாராளமாகப் போதும்.

128 கேபிபிஎஸ் கோப்பை எவ்வளவு விலையுயர்ந்த பிளேயரில் போட்டாலும் அது 128 கேபிபிஎஸ்தான். சுருக்கும்போது எடுத்து எறிந்த ஒலியை எந்தப் பெட்டியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் சேகரிப்பு முழுக்க அப்படிப்பட்ட கோப்புகளாக இருந்தால், பிளேயருக்குக் கூடுதலாகச் செலவழிப்பதை விட அந்தப் பணத்தில் நாலு நல்ல சிடி தேடி வாங்கிப் பதிவெடுப்பது எவ்வளவோ மேல்.

பாட்டைத் தேடும் விதம்

இது தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கென்றே உள்ள விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டிகள் எல்லாம் பாட்டுகளை 'ஆர்ட்டிஸ்ட்', 'ஆல்பம்' என்று அடுக்கிக் காட்டும். ஒரு பாடகர், அவருடைய ஆல்பம், அதில் பத்துப் பாட்டு என்ற உலகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. நாம் பாட்டைத் தேடுவது அப்படியா? "அந்தப் படத்துல வருமே" என்று தேடுவோம், அல்லது இசையமைப்பாளர் பெயரில் தேடுவோம். கோப்பில் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்திலோ பாடியவர்கள் பெயர் இருக்கும். டூயட் என்றால் இரண்டு பெயர், நடுவில் கமா. எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஜானகியோடு பாடினால் ஒரு ஆர்ட்டிஸ்ட், சித்ராவோடு பாடினால் வேறொரு ஆர்ட்டிஸ்ட், தனியாகப் பாடினால் மூன்றாவது. போதாக்குறைக்கு இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக எழுதுகிறார்கள். ஒரு 'ஏ' கூடினால், ஒரு 'எல்' கூடினால், பிளேயருக்கு அவர் வேறு ஆள். என் சேகரிப்பை ஒரு பிளேயரில் ஏற்றிப் பார்த்தபோது இளையராஜா நாலு இடத்தில் இருந்தார்.

இதற்கு எளிய வழி ஃபோல்டர். கார்டில் இசையமைப்பாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் படப் பெயரில் ஃபோல்டர், அதற்குள் பாட்டுகள். கச்சேரிக்கு வித்வான் பெயர், உள்ளே இடமும் வருடமும். இந்த அடுக்கை அப்படியே திறந்து காட்டும் வசதி பிளேயரில் இருக்கிறதா என்பதுதான் நான் எல்லாவற்றிலும் முதலில் பார்த்தது. இது இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் சேகரிப்புக்கு ஒத்துவராது. பொறுமை இருந்தால் எம்பி3டேக் போன்ற மென்பொருளில் உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் சரிசெய்யலாம். நான் 400 பாட்டு வரை செய்தேன். அதற்குப் பிறகு ஃபோல்டரே போதும் என்று விட்டுவிட்டேன்.

மலிவான பிளேயர்கள் சிலவற்றில் இன்னொரு குணம் உண்டு. பாட்டுகளை அகர வரிசையில் பாடாது, கார்டில் எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில் பாடும். கச்சேரியில் முதலில் வர வேண்டிய வர்ணம் கடைசியிலும், கடைசியில் வர வேண்டிய மங்களம் நடுவிலும் வரும். கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, காலி ஃபோல்டரில் வரிசையாகக் காப்பி செய்தால் சரியாகிவிடும்.

அப்புறம் எழுத்து. ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். தனக்கென்று சின்ன மென்பொருள் வைத்திருக்கும் குட்டிப் பிளேயர்களில் தமிழை நம்பி இறங்க வேண்டாம். சிலவற்றில் வெறும் கட்டங்கள் வரும். சிலவற்றில் எழுத்துரு இருக்கும், ஆனால் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அம்மா ஒரு பிளேயரில் இதைப் பார்த்துவிட்டு, "யாரோ சின்னப் புள்ள எழுதினாப்ல இருக்கு" என்றார். வாங்கும் முன் தமிழ்ப் பெயருள்ள நாலு கோப்புகளைக் கார்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கொம்பும் காலும் வரும் எழுத்துகளாக இருக்கட்டும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் சேர்த்த கோப்புகள் என்றால் பழைய எழுத்துருக் குறியீட்டில் பெயர் இருக்கக்கூடும். அவை எந்தப் பெட்டியிலும் புரியாது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஆக வேண்டும்.

இடைவெளி

கச்சேரி கேட்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

கச்சேரிச் சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை ஒரு டிராக், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். மேடையில் அவற்றுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஸ்வரம் பாடி முடிக்கிற அதே தாளத்தில் மிருதங்கம் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பிளேயர் அரை நொடி வாய் மூடினால் மொத்தமும் கெட்டுப்போகிறது. எம்பி3 வடிவத்திலேயே இந்தக் குறை இருக்கிறது. அது ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எடுத்த அளவுகள்) கொண்ட சட்டகங்களாக வெட்டுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒரு சட்டகம் சுமார் 26 மில்லி நொடி. பாட்டு அந்தக் கணக்கில் சரியாக முடியாதபோது, மீதி இடத்தில் மௌனத்தை நிரப்புகிறது. எவ்வளவு நிரப்பினோம் என்ற குறிப்பைக் கோப்பில் எழுதிவைத்து, பிளேயர் அதைப் படித்து வெட்டினால்தான் சேர்ந்து ஒலிக்கும். ஃப்ளாக்கில் இந்த நிரப்பல் இல்லை. ஆனாலும் ஒரு கோப்பு முடிந்து அடுத்ததைத் திறக்க பிளேயர் தாமதித்தால் அதே கதைதான். இடைவெளி விழாமல் சேர்ந்து ஒலிப்பதற்கு 'கேப்லெஸ்' என்று பெயர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், சொந்தக் கச்சேரிக் கோப்புகளைப் போட்டு இரண்டு டிராக் சேரும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வது. ஐந்து நிமிடப் பாட்டில் இது தேவையே இல்லை. 50 நிமிட ராகம் தானம் பல்லவியை நடுவில் நிறுத்தி, பெட்டியை அணைத்து, மறுநாள் திறக்கும்போது முதலிலிருந்து ஆரம்பித்தால் மனசு விட்டுப்போகும்.

என் மகள் வயலின் பழகுகிறாள். தம்புரா ஒலியை ஒரே டிராக்காகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாசிப்பாள். மூன்று நிமிடக் கோப்பு முடிந்து திரும்பும் இடத்தில் சுருதி ஒரு கணம் அறுந்து சேரும், வில் தடுமாறும். பிளேயரை மாற்றிப் பார்த்தும் முழுதாகத் தீரவில்லை. கடைசியில் அதே தம்புராவை ஒரு மணி நேரக் கோப்பாக ஒட்டிக் கொடுத்தேன். இப்போது தொந்தரவு இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தவை

முதலில் செலவில்லாத வழி. மேசையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன். சிம்மை எடுத்துவிட்டு, ஃப்ளைட் மோடில் போட்டு, விஎல்சி போன்ற ஒரு செயலியை மட்டும் வைத்தால் அதுவே பிளேயர். தமிழ் நன்றாகத் தெரியும், ஃபோல்டர் உண்டு, கார்டு போடும் இடமும் பெரும்பாலும் இருக்கும். வேறெதுவும் வாங்கும் முன் ஒரு மாதம் இப்படிக் கேட்டுப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். தனிப் பெட்டி உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கனம்தான் குறை. பழைய பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள்.

ஐபாட் மேல் ஆசை உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானோ, ஷஃபிள் என்ற சின்ன ஐபாட்கள் 2017-இலேயே நின்றுவிட்டன, கடைசியாக இருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு போய்விட்டது. இனி பழையதுதான். சக்கரத்தைச் சுற்றிப் பாட்டுத் தேடும் சுகத்துக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய ஐபாடைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தி, ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ராக்பாக்ஸ் ஏற்றினால் பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் வேண்டாம், இழுத்துப் போட்டால் பாடும். கைவேலையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அருமையான வழி. அம்மாவுக்கு வாங்கித் தரக்கூடியது அல்ல.

சான்டிஸ்க் க்ளிப் ஜாம் என்பது தீப்பெட்டியை நினைவுபடுத்தும் சின்னப் பெட்டி. 8 ஜிபி உள்ளே, 32 ஜிபி வரை கார்டு போடலாம், 18 மணி நேரம் பாடும் என்று நிறுவனம் சொல்கிறது. முதுகில் துணியில் மாட்டும் க்ளிப். ப்ளூடூத் கிடையாது, சார்ஜ் செய்ய பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிள்தான், திரை விரல் அகலம். தமிழை அதில் எதிர்பார்க்காமல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்தேன். ஆனால் எல்லாமே பட்டன். பார்க்காமல் தடவியே இயக்கலாம். எஃப்எம் ரேடியோ உண்டு, நான் பார்த்தவற்றில் அது இருந்தது இதில் மட்டும்தான். சென்னையில் 101.4-இல் அகில இந்திய வானொலியின் ரெயின்போ கேட்கலாம். இயர்போன் வயரே ஆன்டெனா என்பதால் வயரைச் செருகினால்தான் எடுக்கும்.

ஃபீயோ நிறுவனத்தின் ஸ்னோஸ்கை எக்கோ மினி, பழைய வாக்மேன் மாதிரியான தோற்றத்தில் வந்திருக்கிறது. பார்த்ததும் வாங்கத் தோன்றும். தொடுதிரை இல்லை, பட்டன்கள்தான். 8 ஜிபி உள்ளே, 256 ஜிபி வரை கார்டு, டைப் சி சார்ஜ், ப்ளூடூத், இயர்போனுக்கு வழக்கமான 3.5 மிமீ துளையோடு 4.4 மிமீ துளையும். ஃப்ளாக்கெல்லாம் பாடும். விலை 60 டாலர் அளவில். சினிமாப் பாட்டையும் கேட்பேன், நல்ல இயர்போனும் வைத்திருக்கிறேன், பட்டனும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த விலையில் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

ஷான்லிங் எம்0 ப்ரோ அதைவிடச் சின்னது. சுமார் 37 கிராம், சதுரம், 1.54 அங்குலத் தொடுதிரை, ஓரத்தில் ஒரு சக்கரம். உள் நினைவகமே கிடையாது, கார்டு போட்டால்தான் பாடும். எல்டாக் வகை ப்ளூடூத் (கூடுதல் தரத்தில் ஒலியை அனுப்பும் முறை) உண்டு. வயரில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பது நிறுவனக் கணக்கு. கேப்லெஸ் இருக்கிறது. ஒலி சுத்தம். கைக்குத் தட்டுப்படுவது அந்தச் சக்கரம் மட்டும்தான், பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்தக் குட்டித் திரை சலிப்புத் தரும். 130 டாலர் அளவில் வந்தது.

சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306 வேறு ரகம். ஆண்ட்ராய்டு ஓடுவதால் தமிழ் அச்சுக் கோத்த மாதிரித் தெரியும். 3.6 அங்குலத் திரை, 113 கிராம். பக்கவாட்டில் பிளே, முன்னே, பின்னே, ஒலியளவு என்று தனித்தனி பட்டன்களும், பட்டன்கள் தவறுதலாக அமுங்காமல் பூட்டும் ஹோல்டும் இருக்கின்றன. ஃபோல்டர், கேப்லெஸ் இரண்டும் உண்டு. வைஃபையில் ஸ்ட்ரீமிங் செயலிகளும் போடலாம். 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் ஆண்ட்ராய்டு எடுத்தது போகச் சுமார் 18 ஜிபிதான் நமக்கு, கார்டு அவசியம். விலை 25,000 ரூபாய்க்கு மேல். முழு ஒப்பீட்டில் குறை மிகக் குறைவாக இருந்தது இதில்தான். ஆனால் நான் ஃபோனிலிருந்து தப்பிக்கத்தான் தனிப் பெட்டி தேடினேன். திரையில் செயலிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கை தானாக அவற்றுக்குப் போனது. இரவல் வாங்கி வைத்திருந்த இரண்டு வாரத்தில் ஐந்து நாள் கச்சேரி கேட்காமல் வீடியோ பார்த்திருக்கிறேன். அதனால் விட்டேன். உங்களுக்கு அந்தப் பலவீனம் இல்லையென்றால் தயங்காமல் வாங்கலாம்.

இவை தவிர, ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பெயர் தெரியாத பிளேயர்கள் ஏராளம். ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஷஃபிள் போட்டால் தினமும் ஒரே வரிசையில் பாடியது, பேட்டரி ஆறு மாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு இறங்கியது. குழந்தைக்கு ரைம்ஸ் போட்டுக் கொடுக்க ஆகலாம்.

ஒலி பற்றிக் கொஞ்சம்

மேலே பெயர் சொன்ன பிளேயர்கள் எதிலும் சாதாரண இயர்போனில் ஒலி மோசமில்லை. வித்தியாசம் தெரிவது இரண்டு இடத்தில். ரொம்ப நுண்ணிய இயர்போன் போட்டால் சில பிளேயர்களில் பாட்டு இல்லாத நேரத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும். பெரிய ஹெட்போன் போட்டால் சின்னப் பிளேயருக்குத் திராணி போதாமல் போகும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பது என் கருத்து. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி அடங்கிவிடுகிறது, மனிதக் காது கேட்பது 20 வரை, வயது ஏற ஏற அதற்கும் கீழே. அம்மாவுக்குப் பிடித்த ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் மோனோ பதிவுகள். அவற்றின் அழகு எல்லாம் நடுவில், குரல் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. 4.4 மிமீ துளையும் அப்படித்தான், அதற்கான வயர் உள்ள இயர்போன் இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள், காதுக்குள் சரியாகப் பொருந்துகிற ரப்பரோடு. ரயில் சத்தத்தை வெளியிலேயே நிறுத்தினால் ஒலியளவைக் கூட்ட வேண்டியிருக்காது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

ஜெர்மனியிலிருந்து வரும் அத்தை மகன் வாங்கி வருவதாகச் சொன்னார். ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்களுக்கு ஒலியளவு வரம்பு விதி இருக்கிறது, அங்கு வாங்கும் அதே மாடல் இங்கு வாங்குவதைவிட மெதுவாக ஒலிக்கக்கூடும். சாதாரண இயர்போனுக்குப் பாதகமில்லை. பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லி அனுப்பும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 128 ஜிபி என்று ஒரு தெருவோரக் கடையில் வாங்கினேன். காப்பி ஆகும்போது எல்லாம் ஆனது. கேட்கும்போது முதல் கச்சேரிகள் சரியாக இருந்தன, பின்னால் ஏற்றியவை வெறும் கரகரப்பு. அதன் உண்மையான அளவு 16 ஜிபி, 128 என்று பொய்யாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். புது கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றும் முன் ஒரு இரவு அதை ஓடவிடுங்கள். இன்னொன்று, 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். 32 ஜிபி வரை என்று சொல்லும் பிளேயர்கள் அதைப் படிக்காமல் போகலாம்.

வாங்கியது

அம்மாவுக்கு க்ளிப் ஜாம். அவருக்குத் தேவையானது பட்டனும் க்ளிப்பும் மட்டும்தான், இரண்டும் அதில் இருந்தன. எக்கோ மினியும் கொடுத்துப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்றார், எங்கே மாட்டுவது என்று கேட்டார். 212 பாட்டையும் ஐந்து ஃபோல்டராகப் பிரித்தேன். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்தது எனக்கு வருத்தம்தான். அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. பாட்டு வரிசை பத்து நாளில் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, கேசட்டில் இருந்த மாதிரி.

எனக்கு எம்0 ப்ரோ. பட்டன் இல்லாததைப் பற்றி முதலில் தயங்கினேன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது கச்சேரியைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டால் பிறகு தேவைப்படுவது ஒலியளவுச் சக்கரம் ஒன்றுதான். ஸ்வரத்திலிருந்து தனி ஆவர்த்தனத்துக்குப் போகிற இடம் அறுபடாமல் போகிறது. இதில் ஒன்று மட்டும் நினைவு வைக்க வேண்டியிருக்கிறது. கார்டு நகம் அளவு என்பதால் வெளியே எடுத்தால் அதற்கென்று ஒரு டப்பா வேண்டும், என்னுடையது ஒரு தடவை சோபா இடுக்கில் போய்விட்டது.

போன வாரம் அம்மாவின் புடவைத் தலைப்பில் மாட்டியிருந்த க்ளிப் ஜாமோடு புடவை வாளியில் ஊறப் போயிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் முன் பார்த்து எடுத்துவிட்டார். இப்போது நடை முடிந்ததும் பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கீழே உட்காருகிறார்.